ஐந்தருவியில் பச்சை காட்டிய மதியம்

இன்று காலை பாவூர்சத்திரம் தாண்டியதும் பஸ்ஸில் என் போன் அதிர்ந்தது. அலுவலகத்திலிருந்து யாரோ என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன்.

"மலையில மழை பிடிச்சிட்டு. தண்ணி கூடுது. அருவிக்குள்ள நிக்கிறவிய இப்பவே வெளிய வாங்க."

உன் வாக்கியம். நீ உட்கார்ந்து, அடித்து, திருத்தி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து எழுதிய வாக்கியம். நீ மாசி மாதம் போய்விட்டாய். இது நீ இல்லாமல் வருகிற முதல் குற்றால சீசன். சீசன் வந்தால் இந்தச் செய்தி எல்லோருக்கும் போகும், அந்த எல்லோரிலும் நான் உண்டு என்பது எனக்குத் தெரியாததில்லை. அதை அனுப்பும் சர்வரை இப்போது பார்த்துக்கொள்வதே நான்தான். இருந்தும் போன் நழுவி மடியில் விழுந்தது.

அடுத்த சீட்டில் இருந்த அம்மாவுக்கும் அதே செய்தி வந்திருந்தது. கண்ணைச் சுருக்கி வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரோ நம்ம பக்கத்துப் பிள்ள எழுதிருக்கு போல. மிஷினு எழுதுன மாதிரி இல்ல, பாத்தியளா?"

"ஆமா" என்றேன். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் ஜன்னலுக்கு வெளியே கடந்து போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அலுவலகத்துக்கு வந்தும் வேலை ஓடவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ வாசிக்கப்போவதில்லை. ஆனால் நம் இருவருக்குள்ளும் நடந்ததை முழுதாக அறிந்தவள் இப்போது நான் ஒருத்திதான் என்பது நினைக்க நினைக்கத் திகிலாக இருக்கிறது.

நாம் இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் படித்து, வேலைக்கு என்று பிரிந்து போனோம். நீ பெங்களூருக்கு, நான் சென்னைக்கு. உன் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று நீ இலஞ்சிக்குத் திரும்பினாய். என் வீட்டுக்காரருக்குக் கீழப்பாவூர் பள்ளியில் வேலை கிடைத்ததால் நானும் வந்தேன். தென்காசியில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனி. நேர்காணலுக்காக மாடிப்படி ஏறினால் மேலே நீ நிற்கிறாய். தலைமுடியை ஒரு பேனாவில் சுற்றிச் செருகிக்கொண்டு, வாயில் முறுக்கோடு. "ஏட்டி ஜெபா, நீயா?" என்று நீ போட்ட சத்தத்தில் கீழே பாத்திரக்கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

முதல் பெரிய வேலை குற்றாலத்து லாட்ஜ் அண்ணாச்சி கொடுத்தது. ஐந்தருவிப் பக்கமும் மெயினருவிப் பக்கமும் அவருக்கு லாட்ஜுகள். வெளியூர் ஆட்கள் வீட்டிலிருந்தே அறை எடுக்க வேண்டும், வேன் பிடிக்க வேண்டும், வண்டி நிறுத்த இடம் பார்க்க வேண்டும். அதோடு எந்த அருவியில் இப்போது குளிக்கலாம் என்றும் தெரிய வேண்டும். அவருடைய ஆட்கள் ஒவ்வொரு அருவிப் பக்கமும் நின்று போனில் பச்சையோ மஞ்சளோ சிவப்போ அமுக்குவார்கள். அது நம் வலைப்பக்கத்தில் தெரியும்.

கேட்கச் சின்ன வேலைதான். அதை எப்படிக் கட்டுவது என்பதில்தான் நமக்குள் சண்டை.

நான் ஒரே புரோகிராம் என்றேன். ஒரே டேட்டாபேஸ், ஒரே சர்வர். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. எங்கே கோளாறு என்றாலும் ஒரு கதவைத் திறந்து பார்த்தால் போதும். நீ ஒயிட்போர்டில் கட்டங்கள் போட ஆரம்பித்தாய். அறைக்கு ஒரு தனி சர்வீஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு சின்னப் புரோகிராம், வேனுக்கு ஒன்று, பார்க்கிங்குக்கு ஒன்று, அருவித் தகவலை வாங்க ஒன்று, அதைச் சரிபார்க்க ஒன்று, வலைப்பக்கத்துக்கு அனுப்ப ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடும், ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும். உன் கட்டங்களின் மூலைகள் ஸ்கேல் வைத்துப் போட்டவை மாதிரி இருக்கும்.

"ரூம் புக்கிங்ல கூட்டம் ஏறி அது விழுந்துட்டுன்னு வையி. அருவித் தகவலும் அதுகூடச் சேந்து விழணுமா? எதுக்கு விழணும்?" என்றாய்.

"நாம இருக்கது கைவிரல்ல எண்ணுத ஆளு. இத்தன வீட்டக் கட்டி இத்தன பூட்டப் போட்டா, எந்தச் சாவி எங்க இருக்குன்னு யாரு பாக்க?" என்றேன்.

நாம் இருவரும் சும்மா பேசவில்லை, பட்ட அனுபவத்தைப் பேசினோம் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. பெங்களூரில் நீ வேலை பார்த்த இடத்தில் ஒரு பழைய பெரிய புரோகிராம் இருந்ததாம். யாரும் கை வைக்கப் பயப்படுவார்களாம். "ஒரு ஆணியப் பிடுங்குனா கூர வந்துருமோன்னு பயந்து பயந்தே வேல பாத்தோம்டி" என்று சொல்வாய். எனக்குச் சென்னையில் நேர்மாறு. எல்லாம் துண்டு துண்டாக இருந்த இடம். வாடிக்கையாளர் அனுப்பிய ஒரு கோரிக்கை எந்தத் துண்டுக்கும் எந்தத் துண்டுக்கும் நடுவில் காணாமல் போனது என்று தேடியே என் இளமையில் பாதி போனது. நீ கூரைக்குப் பயந்தாய். நான் சந்துக்குப் பயந்தேன்.

நீ ஜெயித்தாய். நியாயமாகவே ஜெயித்தாய். உன் விளக்கம் தெளிவாக இருந்தது, அண்ணாச்சிக்கும் பிடித்துப்போனது. நானும் மனதோடுதான் சேர்ந்து கட்டினேன். முதல் சீசன் நன்றாகவே ஓடியது. பார்க்கிங் துண்டில் கோளாறு வந்தபோதெல்லாம் மற்றவை அசையாமல் நின்றன. ஒருமுறை அதை நிறுத்திச் சரிசெய்து திரும்ப ஏற்றியது லாட்ஜில் ஒருவருக்கும் தெரியவே இல்லை. நீ நாற்காலியைச் சுற்றிவிட்டு, "பாத்தியா?" என்றாய். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

அடுத்த சீசனில் வந்தது அந்த மதியம்.

ஞாயிற்றுக்கிழமை. சீசன் என்பதால் நாம் இருவரும் அலுவலகத்தில் இருந்தோம். சாரல் ஜன்னல் கண்ணாடியில் பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். அவருடைய தங்கை குடும்பம் வந்திருந்தது. எல்லோருமாகக் குற்றாலத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள், எங்கள் மகள் ஜெனியும் கூட.

"ஐந்தருவிக்குப் போறோம். ஒங்க பக்கத்துல பச்ச காட்டுதே" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. தன் மனைவி கட்டியது, அதைப் பார்த்துப் போகிறோம் என்கிற பெருமை.

"போயிட்டு வாங்க. வாரப்ப மங்குஸ்தான் வாங்கிட்டு வாங்க" என்றேன். நீ பக்கத்திலிருந்து, "எனக்கும் சேத்து, அண்ணன்கிட்ட சொல்லு" என்று கத்தினாய்.

நாம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் நேரம் ஐந்தருவியில் நிற்கும் முத்துக்குமார் கூப்பிட்டார். அண்ணாச்சி லாட்ஜில் வேலை பார்ப்பவர், அங்கே பொத்தானை அமுக்குகிறவர் அவர்தான். நீ ஸ்பீக்கரில் போட்டாய். பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, நான் செவப்ப அமுக்கி எவ்ளோ நேரமாச்சி! இன்னும் பச்சையேல்லா காட்டுது! இங்கன வண்டி வந்துக்கிட்டே இருக்கு. தண்ணி ஒரு மாதிரி வருதுக்கா, கலங்கலா வருது. எல்லாத்தையும் வெளிய ஏத்துதாவ..." அதோடு அறுந்துவிட்டது.

நீ திரையைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். நம் கண்காணிப்புப் பக்கத்தில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் நேராக ஒரு புள்ளி உண்டு. உயிரோடு இருந்தால் பச்சை, விழுந்தால் சிவப்பு. எல்லாம் பச்சை. ஒன்றுகூட விழவில்லை. ஆனால் ஐந்தருவிக்கு நேராகவும் பச்சை.

நான் வீட்டுக்காரருக்கு அடித்தேன். போகவில்லை. நாத்தனாருக்கு அடித்தேன். போகவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். ஒருமுறை எடுத்தார்கள். "எங்க இருக்கிய?" என்று கத்தினேன். தண்ணீர்ச் சத்தமும் யாரோ ஒரு பெண் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தமும்தான் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

அதற்குள் நீ கையாலேயே பக்கம் முழுவதையும் நிறுத்திவிட்டிருந்தாய். "வா" என்றாய். உன் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். மேலகரம் தாண்டி மழை கூடியது. எப்போதும் வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிறவள், எதிரே வருகிறவனையெல்லாம் திட்டுகிறவள், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. உன் தோளைப் பிடித்திருந்தேன். தோள் கல் மாதிரி இருந்தது. என் தலைக்குள் ஒன்றே ஒன்றுதான்: மங்குஸ்தான் வாங்கிட்டு வாங்க என்று சொன்னேனே, மங்குஸ்தான் வாங்கிட்டு வாங்க என்று சொன்னேனே.

ஐந்தருவிக்கு முன்னாலேயே வண்டியை மறித்துவிட்டார்கள். இறங்கி ஓடினோம். ஈரத் துணியோடு ஜனம் எதிரே வந்தது. எண்ணெய் தேய்த்தபடியே கழுவாமல் ஓடிவந்த ஆண்கள், செருப்பில்லாத கால்கள், அழுகிற பிள்ளைகள். தண்ணீர் செம்மண் நிறத்தில், மரக்கிளையையும் சேர்த்துக்கொண்டு இறங்கியது. அருவி என்றே சொல்ல முடியாது. அந்தச் சத்தத்தில் நான் ஜெனி பேரைக் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை.

நீதான் முதலில் பார்த்தாய். என் கையைப் பிடித்துத் திருப்பினாய். ஒரு சிப்ஸ் கடையின் ஓரத்தில் அவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனி யாரோ ஒரு அம்மாவின் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணை விரித்தபடி இருந்தாள். அழவில்லை. நான் தூக்கியபோதும் அழவில்லை. நாத்தனாருக்குக் கூட்டத்தில் விழுந்து கை ஒடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்து வெளியே வந்திருக்கிறார். கம்பி உரசிய உள்ளங்கை கிழிந்து கிடந்தது. அன்று அங்கே யாருக்கும் உயிர் போகவில்லை. அது நமக்கு மாலையில்தான் நிச்சயமாகத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் உன்னைப் பார்த்தார். கோபம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. புரியாமல்தான் கேட்டார்.

"பச்சைன்னு போட்டிருந்துச்சேம்மா?"

அந்த மழையில் அப்படியே நின்றாய். உன் முகத்தில் அன்று பார்த்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. யாரோ உன்னிடம் உன் பேரைக் கேட்டு, அது உனக்கு மறந்துபோன மாதிரி.

நான் நாத்தனாரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ அலுவலகத்துக்குப் போனாய். மறுநாள் காலை நான் வந்தபோது நீ ஒயிட்போர்டு முன்னால் நின்றுகொண்டிருந்தாய். கட்டங்கள் அப்படியே இருந்தன. இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருந்த ஒரு அம்புக்குறியை மட்டும் சிவப்பில் சுழித்திருந்தாய்.

"எல்லாம் உசிரோடதான் இருந்துச்சி ஏட்டி" என்றாய். குரல் கம்மியிருந்தது. "வாங்குறது செவப்ப வாங்கிச்சி. அடுத்ததுக்குச் சொல்லியும் விட்டிருக்கு. நடுவுல வரிசையில அடச்சிட்டு நின்னுக்கிட்டு. காட்டுறது என்ன பண்ணும்? கடைசியா தெரிஞ்ச பச்சையவே காட்டிக்கிட்டு இருந்துச்சி. யாரக் கேட்டாலும் நான் நல்லாத்தான் இருக்கேங்கும். ஒண்ணு சொன்னத இன்னொண்ணு கேக்கல. அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஏதாவது உடைந்திருந்தால்கூட ஏற்றுக்கொள்ளலாம். ஒன்றுமே உடையாமல் என் பிள்ளை தண்ணீரோடு போயிருப்பாள்.

அன்றே நீ அண்ணாச்சியிடம் போனாய். நானும் வந்தேன். ஒன்றையும் பூசி மெழுகாமல் நடந்ததைச் சொன்னாய். நீ வரைந்ததில்தான் கோளாறு என்று நீயே சொன்னாய். சரியாகும் வரை அருவித் தகவல் பக்கம் மூடியே இருக்கும் என்றாய். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சீசன் நேரத்துல மூடிப்போட்டா சனம் என்ன நெனைக்கும்? ஏதாவது ஒண்ணு காட்டணும்லாம்மா?"

"காட்டுவோம் அண்ணாச்சி. தெரியலன்னு காட்டுவோம்."

"தெரியலன்னா?"

"நமக்கு வந்த தகவல் பழசாப் போச்சின்னா, பச்சையும் வேண்டாம், செவப்பும் வேண்டாம். தெரியவில்லை, நேரில் கேளுங்கள். அத மட்டும் காட்டும். தெரியாதத தெரிஞ்ச மாதிரி காட்டுனதுதான் நேத்து நடந்தது."

அண்ணாச்சி, "சரிம்மா" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்று என்னிடம் கேட்டார். அழாமல் இருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

திரும்பி வரும்போது நீ சொன்னது எனக்கு அடுத்த அதிர்ச்சி. "எல்லாத்தையும் ஒண்ணாக்கிருவோம். நீ சொன்ன மாதிரி ஒரே வீடு" என்றாய். நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அந்தக் கட்டங்களுக்காக நீ எத்தனை பேரோடு வாதாடியிருக்கிறாய்! அவை உனக்குப் பிள்ளை மாதிரி. ஒரே ஒரு அம்பு அடைத்துக்கொண்டதற்காக மொத்தத்தையும் கலைக்க வேண்டாம், அந்த அம்பை மட்டும் சரிசெய்யலாம் என்று உனக்காக நானே வாதாட ஆரம்பித்தேன். நீ சிரித்தாய். சிரிப்பு மாதிரி ஒன்று.

"நம்ம ரெண்டு பேரால இத்தன அம்பையும் கண்ணுல வச்சிப் பாக்க முடியாதுட்டி. பெங்களூர்ல ஒரு அம்புக்கு ஒரு ஆளு இருந்தாவ. நான் அங்க இருந்த ஆளுகள மறந்துட்டு அங்க இருந்த படத்த மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன்."

நல்லது எது கெட்டது எது என்று நீ பேசவில்லை. இங்கே, இத்தனை பேருக்கு, எது தாங்கும் என்று மட்டும் பேசினாய். எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் இதைப்பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். மழையில் ரோட்டோரம் நின்றபடி நீ சொன்ன அளவுக்கு எனக்கு யாரும் புரியவைத்ததில்லை.

உன் கையாலேயே உன் கட்டங்களைக் கலைத்தாய். பொத்தானை அமுக்கினால் டேட்டாபேஸில் எழுதும், பக்கம் அதையே வாசித்துக் காட்டும். நடுவில் வரிசை இல்லை, அம்பு இல்லை. சிவப்பை அமுக்கினால், பக்கத்தில் பதிந்துகொண்ட எல்லோர் போனுக்கும் உடனே எச்சரிக்கை போகும். அந்த எச்சரிக்கையை அண்ணாச்சி நல்ல தமிழில் கேட்டார். "நீர்வரத்து அதிகரித்துள்ளதால்" என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை அவரே எழுதி அனுப்பியிருந்தார். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "பயந்து நிக்கிறவன் காதுல வீட்டுப் பேச்சுதான் அண்ணாச்சி ஏறும்" என்றாய். அப்படித்தான் அந்த வாக்கியம் வந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் சொன்னது சரி, நீ சொன்னது தப்பு என்று ஆகியிருக்கும். முடியவில்லை.

சில வருஷம் நன்றாக ஓடியது. அண்ணாச்சியைப் பார்த்து மற்ற லாட்ஜுக்காரர்களும் சேர்ந்தார்கள். பிறகு ஒரு தொடர் விடுமுறை. அறை எடுக்க எங்கெங்கிருந்தோ ஜனம் ஒரே நேரத்தில் மோதியது. என் ஒரே வீடு மூச்சுத் திணறி விழுந்தது. அறை விழுந்தது, வேன் விழுந்தது, பார்க்கிங் விழுந்தது. எல்லாம் ஒரே கூரை என்பதால் அருவித் தகவலும் சேர்ந்து விழுந்தது. "தெரியவில்லை" என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. வெறும் வெள்ளைப் பக்கம். முத்துக்குமார் ஐந்தருவியிலிருந்து அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, நல்லவேளையாக தண்ணீர் குறைவாக இருக்கிறது என்று சொல்லப் போன் பண்ணினார். என்னால் உட்கார முடியவில்லை. அருவிக்குள் நிற்கும் யார் யாரோ முகங்கள் எல்லாம் ஜெனி முகமாகத் தெரிந்தன. எதுக்கு விழணும் என்று அன்றைக்கு ஒயிட்போர்டு முன்னால் நின்று நீ கேட்டது ஒரு வார்த்தை மாறாமல் நடந்துவிட்டது.

நீ சொல்லிக்காட்டுவாய் என்று காத்திருந்தேன். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். நீ இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை என் பக்கம் தள்ளினாய்.

"ஏட்டி, இப்ப ரெண்டு பேரும் சமம்."

அப்புறம்தான் இப்போதிருக்கும் வடிவம் வந்தது. அறை, வேன், பார்க்கிங் எல்லாம் ஒரே வீட்டில். அருவித் தகவலும் எச்சரிக்கையும் மட்டும் தனியாக, மிகச் சின்னதாக, தனி சர்வரில். பெரிய வீடு எரிந்தாலும் அது நிற்கும். அதற்கு வந்த தகவல் பழசானால் தெரியவில்லை என்று தானே சொல்லும். பிரிப்பதா சேர்ப்பதா என்று நாம் வருஷக்கணக்கில் போட்ட சண்டையின் விடை ஒரே ஒரு பிரிவு. எது விழுந்தால் ஆள் சாவான் என்று பார்த்துப் போட்ட பிரிவு. அதை எழுதி முடித்த அன்று நாம் பெரிதாக ஒன்றும் கொண்டாடவில்லை. கேரள எல்லைப் பக்கம் போய்ப் புரோட்டா தின்றுவிட்டு வந்தோம். வழியெல்லாம் நீ எதிரே வந்தவனையெல்லாம் திட்டினாய்.

மாசி மாதம் அந்தக் காலை. நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீதான் போன் பண்ணினாய். பார்க்கிங்கையும் தனியாகப் பிரித்துவிடலாமா என்று நான் முந்தின நாள் கேட்டிருந்தேன். என்ன வேடிக்கை பார், பிரிக்கச் சொல்வது நான், வேண்டாம் என்பது நீ. இத்தனை வருஷத்தில் நாம் எப்போது பக்கம் மாறிக்கொண்டோம் என்று எனக்குத் தெரியவில்லை. "வேண்டாம்டி, அதுக்கு என்ன அவசரம். பார்க்கிங் விழுந்தா யாரும் சாவ மாட்டான்" என்றாய். பின்னால் குக்கர் சத்தம். "தலயச் சீவிட்டு வருதேன், வந்து பேசிக்கிடுவோம்" என்று வைத்துவிட்டாய்.

நான் தென்காசி வந்து இறங்கும் முன் உன் நம்பரிலிருந்தே மறுபடி போன். எடுத்து, "இன்னும் என்னட்டி?" என்றேன். உன் வீட்டுக்காரர். கண்ணாடி முன்னால் நின்ற நீ அப்படியே சரிந்துவிட்டாய் என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருக்கிறோம் என்றார். நான் அங்கே ஓடிப்போய் நின்றபோது ஸ்ட்ரெச்சர் வந்தது. உன் தலைமுடி பாதி சீவி, பாதி அவிழ்ந்து கிடந்தது. டாக்டர் மூளையில் ரத்தக்குழாய் என்று ஏதோ சொன்னார். கொண்டுவரும்போதே முடிந்துவிட்டது என்றார். அவர் சொல்வதை நான் தலையாட்டிக் கேட்டேன். கேட்டுவிட்டு, உன் வீட்டுக்காரரிடம், "அவ இப்பந்தான எங்கிட்ட பேசுனா" என்றேன். அவரும் தலையாட்டினார். "இப்பந்தான குக்கர எறக்கி வச்சா" என்றார். அதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு நின்றோம்.

ஐந்தருவியில் என் பிள்ளை கிடைத்தாள். அந்த நினைப்பு எனக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஓடிப்போனால் கிடைத்துவிடும் என்கிற நம்பிக்கை. ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான் ஓடினேன். இன்னும்கூடக் காலையில் மாடிப்படி ஏறும்போது கால் வேகமாகப் போகிறது.

உன் இடத்துக்குச் சென்னையிலிருந்து திரும்பி வந்திருக்கும் கௌரி என்கிற பெண்ணை எடுத்திருக்கிறோம். கெட்டிக்காரி, அனுபவம் உள்ளவள். போன வாரம் பார்க்கிங்கைப் பற்றிப் பேச்சு வந்தது. பிரிக்க வேண்டும் என்று அவள் நல்ல காரணங்களோடு சொன்னாள். எல்லாம் நான் உன்னிடம் சொன்ன காரணங்களேதான். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். இதைக் கவனிக்க நமக்கு எத்தனை கண் இருக்கிறது, இது விழுந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "சரிதான் அக்கா, அப்ப வேண்டாம்" என்று ஒப்புக்கொண்டாள்.

அவள் ஒப்புக்கொண்டது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு சீக்கிரம் யாரும் என்னை விட்டதில்லை. உடனே நான் அவள் பக்கம் தாவி, ஏன் பிரித்தால் நல்லது என்று பேச ஆரம்பித்துவிட்டேன். கூட்டம் வந்தால் என்ன ஆகும், வேறு ஊர் அருவிகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒயிட்போர்டில் கட்டம் போட்டேன். பிறகு அதற்கு மறுப்பு. பிறகு மறுப்புக்கு மறுப்பு. கௌரி மார்க்கரை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க எந்தப் பக்கம்?"

நமக்குள் எப்போதும் ஒரு பக்கம்தான் எனக்கு வேலை. மற்றது உன்னுடையது. இப்போது இரண்டு பக்கமும் நானே பேச வேண்டியிருக்கிறது.